ஏஓடி துளிக்குள் கைட்டோசான் நானோ துகள்: நான் செய்யும் முறை

மருந்தை உள்ளே வைத்து மெல்ல வெளிவிடுவதற்காக நான் முதன்முதலில் செய்த நானோ துகளிலிருந்து மூன்று நாளாக எதுவும் வெளியே வரவில்லை. அப்போது முனைவர் பட்ட ஆய்வில் எனக்கு இரண்டாம் வருடம். மருந்துக்குப் பதிலாக ஒளிரும் டெக்ஸ்ட்ரானை (சர்க்கரைச் சங்கிலியாலான பாலிமர்) துகளுக்குள் அடைத்து, நுண்துளைகள் உள்ள டயாலிசிஸ் பையில் ஊற்றிக் கட்டி, 37 டிகிரியில் ஆட்டிக்கொண்டே வெளிநீரை அளந்தேன். வரைபடத்தில் கோடு தரையோடு தரையாகப் போனது. "சார், எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது பாருங்கள்" என்று வழிகாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏம்மா, பை எத்தனை கிலோடால்டன்?"

கிலோடால்டன் மூலக்கூறு எடையின் அலகு; பையின் துளை எவ்வளவு எடை வரை வெளியே விடும் என்பதையும் அதில்தான் சொல்வார்கள். பை 12. டெக்ஸ்ட்ரான் 20. துகளே இல்லாமல் வெறும் டெக்ஸ்ட்ரானை அந்தப் பைக்குள் போட்டிருந்தாலும் அதே கோடுதான் வந்திருக்கும்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடமாக இந்தத் துகள்களைச் செய்கிறேன், புதிதாக வரும் மாணவர்களுக்குச் சொல்லியும் தருகிறேன். துகள் உருவாவது ஒரு ராத்திரி வேலை. அதைக் கழுவ மூன்று நாள் ஆகும். அது மருந்தை மெல்ல விடுகிறதா என்று நம்பும்படி அளக்க ஒரு வாரம் ஆகும். கட்டுரைகளில் செய்முறைப் பகுதியைப் படித்தால் முதல் வேலைக்கு ஒரு பத்தி இருக்கும், மற்ற இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு வரி இருக்கும். அந்த இரண்டு வரிகளில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் இங்கே கழுவுவதற்கும் அளப்பதற்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

துளியைப் பற்றிக் கொஞ்சம்

சோப்புத் தண்ணீரில் மிசெல்கள் இருப்பது பள்ளியிலேயே படித்தது. தண்ணீரை விரும்பாத வால்கள் உள்ளே, தண்ணீரை விரும்பும் தலைகள் வெளியே என்று சோப்பு மூலக்கூறுகள் கூடி நிற்கும் உருண்டைகள் அவை. தண்ணீருக்குப் பதில் எண்ணெய் போன்ற கரைப்பானை எடுத்துக்கொண்டால் அது அப்படியே திரும்பிக்கொள்ளும். தலைகள் உள்ளே கூடும், நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கும். இதுதான் தலைகீழ் மிசெல். அந்தத் தண்ணீர்ச் சொட்டுக்குள் பாலிமரையும் மருந்தையும் வைத்து, பாலிமர் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிவிட்டால் துகள் கிடைக்கும்.

நான் பயன்படுத்தும் சர்ஃபாக்டன்ட் (சோப்பு மாதிரியான பொருள்) ஏஓடி. முழுப்பெயர் சோடியம் பிஸ் எத்தில்ஹெக்சில் சல்ஃபோசக்சினேட். மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் டாக்குசேட் சோடியமும் இதேதான். ஒரு சிறிய தலை, கிளைவிட்ட இரண்டு கனத்த வால்கள். ஆப்பு மாதிரியான இந்த உருவத்தால்தான் வேறு துணைப்பொருள் எதுவும் சேர்க்காமல் தானாகவே தண்ணீரைச் சுற்றி வளைந்து நிற்கிறது.

துளியின் அளவை முடிவு செய்வது ஓர் எண். தண்ணீரின் மோல் அளவை ஏஓடியின் மோல் அளவால் வகுத்தால் வருவது. டபிள்யூ-ஜீரோ என்போம். ஏஓடி துளியின் ஆரம், நானோமீட்டரில், கிட்டத்தட்ட இந்த எண்ணை 0.175-ஆல் பெருக்கினால் கிடைக்கும். டபிள்யூ-ஜீரோ 15 என்றால் ஆரம் 2.6 நானோமீட்டர்.

இங்கே ஒரு தவறான எண்ணம் பலருக்கும் வருகிறது. துளி 5 நானோமீட்டர் குறுக்களவு, ஆகவே துகளும் 5 நானோமீட்டர் இருக்கும் என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 கிலோடால்டன் டெக்ஸ்ட்ரான் சுருண்டு கிடக்கும்போதே அதன் ஆரம் 3.3 நானோமீட்டர். துகளுக்கு உடலாகும் பாலிமரான கைட்டோசானின் சங்கிலி அதைவிடப் பெரியது. நான் கீழே சொல்லும் அளவுகளில், நூற்றுக்கணக்கான துளிகளுக்கு ஒரு கைட்டோசான் சங்கிலிதான் இருக்கும். மற்ற துளிகள் வெறும் தண்ணீர். துளிகள் ஓயாமல் மோதிக்கொள்கின்றன. மோதும்போது எப்போதாவது இரண்டு ஒட்டி, உள்ளே இருப்பதைக் கலந்துகொண்டு, மறுபடி பிரிகின்றன. சங்கிலி இருக்கும் துளி தன்னைப் பெரிதாக்கிக்கொள்கிறது, பக்கத்துத் துளியிலிருந்து இன்னொரு சங்கிலியையும் இழுத்துக்கொள்கிறது. கடைசியில் தண்ணீரில் ஊறிய நிலையில் எனக்குக் கிடைக்கும் துகள் பெரும்பாலும் 80 முதல் 130 நானோமீட்டர். டபிள்யூ-ஜீரோவைக் கூட்டினால் துகளும் பெரிதாகும், உண்மைதான். ஆனால் அந்தப் பெருக்கல் கணக்கு துளிக்கு மட்டும்.

இந்த முறை புதிதல்ல. 1943-இலேயே ஹோரும் ஷுல்மனும் எண்ணெயில் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாகக் கரைந்து நிற்கும் கலவைகளைப் பற்றி எழுதினார்கள். 1976-இல் ஜூரிக்கில் பீட்டர் ஸ்பைசரின் குழு இதே மாதிரித் துளிகளுக்குள் அக்ரிலமைடைப் பாலிமராக்கி, தடுப்பூசிக்குத் துணைப்பொருளாகப் பயன்படுத்தலாம் என்று காட்டியது. நம் நாட்டில் இதை வளர்த்தவர் டெல்லி பல்கலைக்கழகத்தின் அமர்நாத் மைத்ரா. ஏஓடியும் ஹெக்சேனும் வைத்து 1990-களில் அவர் குழு செய்த வேலைதான் இந்தியாவில் பல ஆய்வகங்களுக்கு ஆரம்பப் பாடம். எனக்கும் அப்படித்தான்.

எதை உள்ளே வைப்பது

நான் அக்ரிலமைடைத் தொடுவதில்லை. பாலிமராகாமல் மிஞ்சும் மோனோமர் நரம்புக்குக் கெடுதல், தோல் வழியாகவே உள்ளே போகும். மருந்துக்கான துகளில் அதன் மிச்சத்தைத் தேடிக்கொண்டிருப்பதைவிட, ஏற்கனவே பாலிமராக இருக்கும் கைட்டோசானை எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் தீர்மானம். இறால் ஓட்டிலிருந்து வருவது; நம் கடற்கரையில் ஓட்டுக்குப் பஞ்சமில்லை. கொச்சியிலிருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதைப் பிரித்தெடுப்பதில் பல வருடம் உழைத்திருக்கிறது. எடை குறைந்த ரகமாக, 50 கிலோடால்டன் பக்கத்தில், 85 சதவீதம் அசிட்டைல் நீக்கியதாகப் பார்த்து வாங்குங்கள். சங்கிலி நீளமாக இருந்தால் கரைசல் கஞ்சிபோல இருக்கும், துளிக்குள் போகாது.

சங்கிலிகளைக் கட்டுவது குளூட்டரால்டிஹைடு. இது கைட்டோசானின் அமைன் (நைட்ரஜன் உள்ள) குழுக்களைப் பிடித்து இணைக்கும். ஆனால் அமைன் இருக்கும் எதையும் பிடிக்கும். உள்ளே வைத்த மருந்திலோ புரதத்திலோ அமைன் இருந்தால் அதையும் துகளோடு சேர்த்துக் கட்டிவிடும். அப்புறம் அது வெளியே வராது. வந்தாலும் பழைய மருந்தாக வராது. இன்னொரு சிக்கல், ஏஓடிக்கு எதிர்மின்சுமை. நேர்மின்சுமை உள்ள சின்ன மருந்து மூலக்கூறு தண்ணீரின் நடுவில் நிற்காமல் ஏஓடி தலைகளின் பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும்; கழுவும்போது ஏஓடியோடு போய்விடும். புற்றுநோய் மருந்தான டாக்ஸோரூபிசினில் இந்த இரண்டு சிக்கலும் உண்டு. மைத்ரா குழு 2001-இல் வெளியிட்ட கட்டுரையில் அதை டெக்ஸ்ட்ரானோடு முதலில் இணைத்து, அந்த இணைப்பைத்தான் கைட்டோசான் துகளுக்குள் வைத்தார்கள்.

பழகும்போது மருந்தே வேண்டாம். எஃப்ஐடிசி சாயம் ஏற்றிய 20 கிலோடால்டன் டெக்ஸ்ட்ரான் போதும். டெக்ஸ்ட்ரானில் அமைன் இல்லை, எண்ணெயில் கரையாது, பச்சையாக ஒளிர்வதால் மைக்ரோகிராம் அளவையும் அளக்கலாம்.

முதல் நாள்: உலர்ந்த ஏஓடி

ஏஓடி மெழுகுபோல இருக்கும், காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். சென்னையில் ஐப்பசி மாதம் புட்டியைத் திறந்து எடை போட்டு முடிப்பதற்குள் கரண்டியில் பிசுபிசுக்கும். அதில் 2 சதவீதம் ஈரம் ஏறியிருந்தால் டபிள்யூ-ஜீரோ அரை எண் கூடிவிடும். ஒரு தடவைக்கு அது பெரிதில்லை. ஆனால் ஜூனில் செய்ததையும் நவம்பரில் செய்ததையும் ஒப்பிடும்போது இடிக்கும். ஆகவே 50 டிகிரியில் வெற்றிட அடுப்பில் ஒரு ராத்திரி வைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் ஆறவிட்டு, உடனே எடை போடுங்கள்.

கரைப்பானாக எல்லோரும் ஹெக்சேன் எழுதுவார்கள். நான் ஹெப்டேன் எடுக்கிறேன். நார்மல் ஹெக்சேனை நாள்கணக்கில் சுவாசித்தால் கை கால் நரம்புகள் பாதிக்கும். மருந்துகளில் மிஞ்சக்கூடிய அளவுக்குச் சர்வதேச வழிகாட்டுதல் ஹெக்சேனுக்கு 290 பிபிஎம், ஹெப்டேனுக்கு 5000 பிபிஎம். துளிகள் இரண்டிலும் ஒரே மாதிரிதான் நிற்கின்றன. பிறகு எதற்கு ஹெக்சேன்? ஹெப்டேனும் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் எல்லா வேலையும் ஃப்யூம் ஹூடுக்குள், பக்கத்தில் பர்னர் இல்லாமல்.

4.45 கிராம் ஏஓடியை 100 மில்லிலிட்டர் ஹெப்டேனில் கரைத்தால் 0.1 மோலார். 0.2 மைக்ரான் டெஃப்லான் வடிகட்டியில் வடித்து, மூடியுள்ள இரண்டு குடுவைகளில் 50, 50 மில்லிலிட்டராகப் பிரியுங்கள். முதல் குடுவை கைட்டோசானுக்கு, இரண்டாவது குளூட்டரால்டிஹைடுக்கு.

கைட்டோசான் கரைசல்: 0.5 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கைட்டோசானும் 0.5 சதவீதம், அதாவது மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம். வழக்கமாக 1 சதவீத அமிலம் என்று எழுதியிருப்பார்கள். இந்த அளவு கைட்டோசானுக்குப் பாதியே போதும், அமிலமும் உப்பும் கூடக்கூடத் துளி தாங்கும் தண்ணீர் குறையும். ஒரு ராத்திரி கலக்கவிட்டு, வடித்து, அதில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் எஃப்ஐடிசி டெக்ஸ்ட்ரானைக் கரையுங்கள். அந்த நிமிடத்திலிருந்து புட்டிக்கு அலுமினியத் தாள் சுற்றிவிட வேண்டும். சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும்.

குளூட்டரால்டிஹைடு கரைசல்: 25 சதவீதக் கரைசலில் 25 மைக்ரோலிட்டர் எடுத்து 10 மில்லிலிட்டர் தண்ணீரில். இது கைட்டோசான் அமைன்களில் ஏறக்குறையப் பாதியைக் கட்டப் போதுமான அளவு. கையுறை போட்டு, ஹூடுக்குள். அதன் ஆவி கண்ணையும் மூச்சையும் எரிக்கும், சிலருக்கு ஒவ்வாமையாக நிரந்தரமாகவே தங்கிவிடும்.

துளியாக்குவது

முதல் குடுவையில் 1.35 மில்லிலிட்டர் கைட்டோசான் கரைசல், இரண்டாவதில் 1.35 மில்லிலிட்டர் குளூட்டரால்டிஹைடு கரைசல். இரண்டிலும் டபிள்யூ-ஜீரோ 15. மொத்தமாக ஊற்றாதீர்கள். 100 மைக்ரோலிட்டராக விட்டு, ஒவ்வொரு தடவையும் வார்டெக்ஸ் குலுக்கியில் வைத்து ஆட்டுங்கள்.

இந்த இடத்தில் கண்தான் கருவி. சொட்டு விழுந்ததும் குடுவை அரிசி களைந்த நீர்போல வெளுக்கும். ஆட்டினால் வெண்மை சுருள் சுருளாகக் கலைந்து, சில வினாடியில் தெளியும். அடுத்த சொட்டு, மறுபடி வெளுப்பு, மறுபடி தெளிவு. முக்கால்வாசி விட்டபிறகு தெளிய நேரமாகும், பதற வேண்டாம். முடிவில் குடுவைக்குப் பின்னால் ஆய்வுக் குறிப்பேட்டை வைத்தால் கையெழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். கால் மணி நேரம் ஆகியும் மங்கலாகவே இருந்தால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். அந்தக் குடுவையை விட்டுவிட்டு 1.1 மில்லிலிட்டரில் புதிதாகத் தொடங்குங்கள். மங்கலான கலவையிலும் துகள் வரும். ஆனால் அது துளிக்குள் பிறந்த துகள் இல்லை, கண்டபடி அளவில் இருக்கும்.

இரண்டும் தெளிந்ததும், முதல் குடுவையைக் காந்தக் கலக்கியில் வைத்து இரண்டாவதை மெல்ல அதற்குள் விடுங்கள். மூடி, 25 டிகிரியில் 16 மணி நேரம். துளிகள் மோதி மோதிக் குளூட்டரால்டிஹைடைக் கைட்டோசானிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். அமிலத்தில் இந்த வினை மெதுவாகத்தான் நடக்கும், அதனால்தான் ராத்திரி முழுக்க.

25 டிகிரி என்று சும்மா எழுதவில்லை. ஒரு மே மாதம் ராத்திரி பத்து மணிக்கு மேல் கட்டடத்தில் ஏசியை நிறுத்திவிட்டார்கள். காலையில் போய்ப் பார்த்தால் குடுவையில் கலங்கலாக ஒரு கலவை, அடியில் வழவழவென்று ஒரு படலம். ஏஓடி கலவைக்கு ஒரு வெப்ப எல்லை உண்டு, அதைத் தாண்டினால் தண்ணீர் பிரிந்துவிடும். அன்றிலிருந்து குடுவையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துத்தான் வீட்டுக்குப் போகிறேன்.

சரியாக நடந்திருந்தால் காலையிலும் கலவை தெளிவாகவே இருக்கும், லேசான மஞ்சள் ஏறியிருக்கும். டெக்ஸ்ட்ரானே மஞ்சள் என்பதால், டெக்ஸ்ட்ரான் இல்லாத வெற்றுத் துகள் குடுவை ஒன்றையும் பக்கத்திலேயே ஓட்டுங்கள். அதில் தெரியும் மஞ்சள்தான் குறுக்குப் பிணைப்பின் மஞ்சள். அந்த வெற்றுத் துகள் பின்னால் மிகவும் தேவைப்படும், தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கழுவுவது

இப்போது குடுவையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கைட்டோசான் 6.75 மில்லிகிராம். ஏஓடி 4450 மில்லிகிராம். நமக்கு வேண்டியதைவிட அறுநூறு மடங்குக்கு மேல் வேண்டாதது. போதாக்குறைக்கு கைட்டோசானுக்கு நேர்மின்சுமை, ஏஓடிக்கு எதிர்மின்சுமை. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு விடாது. இந்த முறையின் உண்மையான கஷ்டம் இதுதான். செல்களின் மேல் துகளைப் போட்டு செல்கள் இறந்தால், கொன்றது மருந்தா மிஞ்சிய ஏஓடியா என்று கழுவாமல் சொல்ல முடியாது.

மைத்ரா குழுவின் டெல்லி முறையில் ஹெப்டேன் போன்ற கரைப்பானை முதலில் ஆவியாக்குவார்கள். மிஞ்சும் பிசினைத் தண்ணீரில் கலந்து கால்சியம் குளோரைடு விட்டால், ஏஓடி கால்சியம் உப்பாகி வெள்ளையாகப் படியும். அதை நீக்கி, மீதியை டயாலிசிஸ் செய்வார்கள். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன். என் கையில் அந்த வெள்ளைப் படிவு கைட்டோசான் துகள்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. நாளாக நாளாக எத்தனால் வழிக்கு மாறிவிட்டேன்.

கலவையின் அளவுக்குச் சமமாக, 100 மில்லிலிட்டர் தூய எத்தனால். 95 சதவீத ஸ்பிரிட் எடுத்தால் அடுக்குப் பிரியலாம், தண்ணீர் நீக்கியதாக எடுங்கள். எத்தனால் விட்டதும் துளிகள் உடைந்து, ஏஓடி எத்தனாலில் கரைந்து, துகள் நீலம் கலந்த வெண்புகையாகத் தெரியும். 10,000 ஜியில் (புவியீர்ப்பைப்போல 10,000 மடங்கு விசையில்) 20 நிமிடம் சென்ட்ரிஃப்யூஜ். குழாயின் அடியில் நகத்தளவு மஞ்சள் படிவு நிற்கும். மேல்நீரை ஊற்றிவிட்டு, எத்தனாலில் கலக்கி இன்னொரு தடவை.

அடுத்த கழுவல்தான் முக்கியம்: 70 பங்கு எத்தனால், 30 பங்கு தண்ணீர், அதில் 50 மில்லிமோலார் சோடியம் குளோரைடு. மின்சுமையால் ஒட்டியிருக்கும் ஏஓடியை உப்புதான் பிரிக்கும். வெறும் எத்தனாலில் பத்துத் தடவை கழுவினாலும் அது அசையாது. இதைக் குறைந்தது மூன்று தடவை. படிவைக் கலக்க ஒவ்வொரு முறையும் ஐஸில் வைத்து அரை நிமிடம் சோனிகேஷன் (மீயொலியால் கலக்குவது). எந்தக் கட்டத்திலும் படிவு காய்ந்துவிடக் கூடாது. காய்ந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளமாகிவிடும், மறுபடி பிரியாது.

ஏஓடி போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள விலையுயர்ந்த கருவி வேண்டாம். கழுவிய நீரில் கொஞ்சம் எடுத்து எத்தனாலை ஆவியாக்கி, தண்ணீரில் கரைத்து, சில துளி மெத்திலீன் புளூ விட்டு, 2 மில்லிலிட்டர் குளோரோஃபார்ம் சேர்த்துக் குலுக்கி நிறுத்துங்கள். ஏஓடி இருந்தால் அது நீலச் சாயத்தைக் கையோடு பிடித்துக்கொண்டு குளோரோஃபார்முக்குள் இறங்கும். முதல் கழுவலில் அடி அடுக்கு மைக்கூடுபோல இருக்கும். ஐந்தாவதில் வானநீலம். ஏஓடியே சேராத உப்புநீர்க் குழாய் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். உப்பு இருந்தால் சாயம் தானாகவும் துளி இறங்கும். இரண்டு குழாயும் ஒரே நிறத்துக்கு வரும்வரை கழுவுங்கள். நான் எண்ணிக்கை சொல்வதில்லை, நிறம்தான் சொல்லும்.

துகளிடமும் ஒரு சாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். துகளின் மேற்பரப்பு மின்சுமையைக் காட்டும் ஜீட்டா மின்னழுத்தத்தை பிஎச் 5-இல் அளந்தால் கைட்டோசான் துகள் நேர்மின்சுமை காட்ட வேண்டும். சுழியத்துக்குப் பக்கமாகவோ எதிர்ப்பக்கமாகவோ நின்றால், மேலே இன்னும் ஏஓடி உட்கார்ந்திருக்கிறது.

கடைசியாக, உள்ளே போகாத டெக்ஸ்ட்ரானை நீக்க வேண்டும். டெக்ஸ்ட்ரானும் எத்தனாலில் கரையாது, ஆகவே இதுவரை துகளோடேயே படிந்து வந்திருக்கிறது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிஎச் 5-இல் 10 மில்லிமோலார் அசிட்டேட்டில் துகளைக் கலக்கி, 300 கிலோடால்டன் சுழல் வடிகட்டியில் வைத்து, கீழே இறங்கும் நீரில் பச்சை ஒளிர்வு நிற்கும்வரை கழுவுங்கள். முதல் எத்தனால் மேல்நீர் உள்பட எல்லாக் கழுவல்களிலும் கிடைத்த டெக்ஸ்ட்ரானைக் கூட்டி, போட்ட 1.35 மில்லிகிராமிலிருந்து கழித்தால் உள்ளே இருப்பது தெரியும். ஒளிர்வை அளக்கும்போது எல்லா மாதிரிகளையும் பிஎச் 7.4-க்குக் கொண்டுவந்து அளங்கள். அமிலத்தில் எஃப்ஐடிசி மங்கிவிடும், குறைவாகக் கழுவப்பட்டதாகவும் அதிகம் உள்ளே இருப்பதாகவும் காட்டும். தூண்டல் 490, உமிழ்வு 520 நானோமீட்டர்.

அளவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒளிச்சிதறலை வைத்துத் துகள் அளவைச் சொல்லும் டிஎல்எஸ் கருவியில், அளவுகள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று காட்டும் எண் 0.2-க்குள் இருந்தால் நல்ல துகள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காய்ந்த துகள் சிறிதாகத் தெரியும், இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று கவலைப்பட வேண்டாம். 4 டிகிரியில் அப்படியே கரைசலாக வைத்து ஒரு வாரத்துக்குள் பயன்படுத்துகிறேன். அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் 5 சதவீத ட்ரெஹலோஸ் சர்க்கரை சேர்த்து உறைநிலையில் உலர்த்துங்கள்.

மெல்ல வெளிவருகிறதா?

டயாலிசிஸ் பையை நான் கைவிட்டுவிட்டேன். பை தானே ஒரு தடுப்பு. துகளின் வேகத்தை அளக்கிறோமா பையின் வேகத்தை அளக்கிறோமா என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு நேரத்துக்கும் தனித்தனிச் சிறு குழாய். 1 மில்லிலிட்டர் பாஸ்பேட் உப்புக் கரைசல், பிஎச் 7.4, துகள் 0.2 மில்லிகிராம், நுண்ணுயிர் வளராமலிருக்க 0.02 சதவீத சோடியம் அசைடு, தாள் சுற்றி 37 டிகிரி ஆட்டியில். அரை மணி, 1, 2, 4, 8, 24, 48, 72 மணி. எட்டு நேரம், ஒவ்வொன்றுக்கும் மூன்று குழாய், மொத்தம் 24. ஒரு குடுவையில் கிடைத்த துகள் இதற்கே சரியாகப் போய்விடும். நேரம் வந்ததும் அந்தக் குழாயை மட்டும் எடுத்து, 300 கிலோடால்டன் வடிகட்டியில் சுழற்றி, இறங்கியதை அளங்கள். வடிகட்டி விலை அதிகம்தான். ஒத்திகைக்கு நேரத்துக்கு ஒரு குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசி ஓட்டத்தில் மூன்று வையுங்கள்.

இவற்றோடு மூன்று ஒப்பீட்டுக் குழாய்கள் இல்லாமல் யாரும் என்னிடம் வரைபடம் கொண்டுவர முடியாது. முதலாவது, வெறும் டெக்ஸ்ட்ரான்: அது வடிகட்டி வழியாகத் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இறங்க வேண்டும், இல்லையென்றால் வடிகட்டி சரியில்லை. இரண்டாவது, வெற்றுத் துகள்: குளூட்டரால்டிஹைடால் கட்டிய கைட்டோசான் தானாகவே பச்சையாகக் கொஞ்சம் ஒளிரும். அதைக் கழிக்காவிட்டால் அதையும் மருந்து என்று எண்ணிவிடுவோம். மூன்றாவது, வெற்றுத் துகளோடு வெளியே கலந்த டெக்ஸ்ட்ரான்: இது துகளின் மேல் எவ்வளவு ஒட்டிக்கொள்கிறது என்று காட்டும். முதல் சில மணியில் தாவி ஏறி அப்புறம் தட்டையாகும் கோடு பெரும்பாலும் இப்படி மேலே ஒட்டியிருந்தது கழன்று வருவதுதான். உள்ளிருந்து வந்ததாகக் கணக்கில் எடுக்கக் கூடாது.

இன்னொன்று. பிஎச் 7.4-இல் கைட்டோசான் தன் மின்சுமையைப் பெரும்பாலும் இழந்துவிடும். அதன் அமைன்கள் 6.5 பக்கத்திலேயே புரோட்டானை விட்டுவிடுகின்றன. துகள்கள் ஒட்டிக்கொண்டு கட்டியாகலாம். கட்டியான துகள் நிச்சயம் மெதுவாகத்தான் விடும், ஆனால் அந்த மெதுவுக்குக் காரணம் நம் குறுக்குப் பிணைப்பு இல்லை. 24 மணிக் குழாயை வடிகட்டும் முன் ஒரு சொட்டு எடுத்து டிஎல்எஸ் பாருங்கள். அளவு பல மடங்கு ஏறியிருந்தால் அதையும் வரைபடத்தின் கீழேயே எழுதுங்கள். பிஎச் 5-இல் இன்னொரு வரிசை ஓட்டினால் ஒப்பிட வசதி. அங்கே துகள் உப்பி நிற்கும், அமிலத்தில் பிணைப்புகளும் மெல்ல அவிழும்.

எண்களைச் சூத்திரத்தில் பொருத்துவதை வெளியீட்டின் முதல் 60 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெளியீடு நேரத்தின் எந்த அடுக்காக ஏறுகிறது என்று சொல்லும் கோர்ஸ்மேயர்–பெப்பாஸ் அடுக்கு, உருண்டைத் துகளுக்கு 0.43 பக்கத்தில் வந்தால் பரவல்தான் ஓட்டுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நான்கு புள்ளியை வைத்துக்கொண்டு அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

உண்மையில் வெளியீட்டைக் கட்டுப்படுத்துகிறோமா என்பதை ஒரே துகளை அளந்து சொல்ல முடியாது. குளூட்டரால்டிஹைடு கரைசலை மூன்றாகச் செய்யுங்கள்: 10 மில்லிலிட்டரில் 5 மைக்ரோலிட்டர், 25, 50. அமைன்களில் பத்தில் ஒன்று, பாதி, ஏறக்குறைய முழுவதும். மற்ற எல்லாம் அப்படியே. பிணைப்பு ஏற ஏற டெக்ஸ்ட்ரான் வெளிவருவது மெதுவானால், கட்டுப்பாடு நம் கையில் இருக்கிறது. மூன்று கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால், அளந்தது வேறு எதையோ. எனக்கு ஒரு தடவை அப்படி விழுந்தது. மெத்திலீன் புளூ சோதனைக்குத் திரும்பிப் போனேன், அடி அடுக்கு இன்னும் நீலமாகத்தான் இருந்தது. அந்தத் தொகுதியை ஒதுக்கிவிட்டு, உப்புக் கழுவலை ஐந்து தடவையாக்கி மறுபடி செய்தேன். இரண்டாவது ஓட்டத்தில் கோடுகள் பிரிந்தன.

ஹெப்டேனும் எத்தனாலும் கலந்த கழிவு ஒரு புட்டிக்கு, குளோரோஃபார்ம் தனிப் புட்டிக்கு. இரண்டையும் சேர்த்து ஊற்றாதீர்கள், அசைடு கலந்த நீரைத் தொட்டியில் விடாதீர்கள். பழைய கட்டடங்களின் செம்பு, ஈயக் குழாய்களில் அது வெடிக்கும் உப்பாகச் சேரும்.